பெஞ்சில் இரண்டாவது இருக்கை யாருக்கு?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவுக்குத் துணைப் பயிற்றுநர் எப்படி வந்து சேர்கிறார்? பல இடங்களில் விளம்பரம் கிடையாது, நேர்காணல் கிடையாது. பயிற்சி முடிந்து இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். போன வருடம் படிப்பை முடித்த பழைய குழுத் தலைவனும் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருப்பான். வேலை கிடைக்கும்வரை சாயங்காலத்தில் வந்து ஒத்தாசை செய்யும்படி தலைமைப் பயிற்றுநர் அவனிடம் சொல்வார். தே ஓ ஐஸை உறிஞ்சிக்கொண்டே அவனும் தலையாட்டுவான். நியமனம் முடிந்தது.

மறுநாள் முதல் பந்து மூட்டையைத் தூக்குவது, தண்ணீர்ப் போத்தல்களை நிரப்புவது, மண்டபச் சாவியைப் பாதுகாவலரிடம் கேட்டு வாங்குவது, வராத பையன்களுக்கு வாட்ஸ்அப்பில் நினைவூட்டுவது எல்லாம் அவன் வேலை. ஆட்டப் பட்டியலில் துணைப் பயிற்றுநர் என்ற கோட்டின்மேல் அவன் பெயரை எழுதுவார்கள். பெட்ரோல் காசு கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் கேட்கத் தயங்குவான். எங்கோ நல்ல வேலை கிடைத்ததும் காணாமல் போவான். அடுத்து இன்னொரு மாமாக் கடை, இன்னொரு முன்னாள் தலைவன்.

எல்லாக் கல்லூரிகளும் இப்படி இல்லை. கூடைப்பந்தைத் தங்கள் அடையாளமாகவே வைத்திருக்கும் சில பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் முறையாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கின்றன. நான் சொல்வது மற்றவர்களைப் பற்றி: உயர்கல்விக் கூடங்களுக்கான சுக்கிப்ட் போட்டிக்கு ஒரு குழு அனுப்ப வேண்டுமே என்பதற்காக மாணவர் நலப் பிரிவில் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நடுத்தரக் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் கிளை வளாகங்கள், டிப்ளோமா கூடங்கள். நம் பிள்ளைகள் அதிகம் படிப்பது அங்கேதான்.

துணைப் பயிற்றுநர் என்றால் கூடமாட நிற்பவர், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிநூலை ஒருமுறை புரட்டட்டும். ஆட்டம் தொடங்குவதற்கு நாற்பது நிமிடத்துக்கு முன்பே விளையாட்டாளர் பட்டியலோடு குழுத் தலைவர், தலைமைப் பயிற்றுநர், முதல் துணைப் பயிற்றுநர் ஆகியோரின் பெயர்களைக் கொடுத்துவிட வேண்டும். டைம் அவுட் கேட்கும் உரிமை அந்த இரண்டு பயிற்றுநர்களுக்கு மட்டும்தான் உண்டு. களத்தில் நிற்கும் பையன் தொண்டை கிழியக் கத்தினாலும் கிடைக்காது. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சை விட்டு எழுந்து நிற்கலாம் என்ற சலுகையும் இந்த இருவருக்கே, அதுவும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். தன் நடத்தைக்காகத் தலைமைப் பயிற்றுநர் இரண்டு டெக்னிக்கல் பவுல் வாங்கிவிட்டால் அவர் வெளியே போக வேண்டும். அந்த நொடியிலிருந்து குழு முழுவதும் துணைப் பயிற்றுநர் கையில். அப்படி ஒருவர் பெயர் பட்டியலில் இல்லை என்றால், களத்தில் ஆடிக்கொண்டிருக்கும் குழுத் தலைவனே பயிற்றுநர் பொறுப்பையும் சுமக்க வேண்டும். நான்கு பவுலோடு, மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையன் யாரை மாற்றுவது, எப்போது டைம் அவுட் கேட்பது என்று யோசிப்பதை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருக்கிற விதி என்று நினைக்க வேண்டாம். 2020 டிசம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் குழுவின் தலைமைப் பயிற்றுநர் கிரெக் பாப்பவிச், லேக்கர்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் கால் பகுதியில் வெளியேற்றப்பட்டார். போகிற போக்கில் தன் துணைப் பயிற்றுநர் பெக்கி ஹாமனிடம் பொறுப்பை விட்டுவிட்டுப் போனார். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் ஒரு பெண் குழுவை வழிநடத்தியது அதுவே முதல் முறை. 2014இல் ஹாமனைப் பாப்பவிச் துணைப் பயிற்றுநராக எடுத்தபோது விளம்பரத்துக்காகச் செய்கிறார் என்றவர்கள் உண்டு. அதே ஹாமன் பிறகு லாஸ் வேகாஸ் ஏசஸ் குழுவின் தலைமைப் பயிற்றுநராகப் போய் 2022லும் 2023லும் மகளிர் லீக் பட்டத்தை அடுத்தடுத்து வென்றார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டம் பிறந்த காலத்தில் பயிற்றுநருக்கே பெரிய மரியாதை இல்லை. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மாட்டி ஆட்டத்தை உருவாக்கினார். பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்து 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் வென்றதைவிட அதிகம் தோற்ற ஒரே பயிற்றுநர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த மனிதரேதான்! 1910ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க விதிகள், ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று தடையே போட்டன. டைம் அவுட்டின்போது பயிற்றுநர் தன் விளையாட்டாளர்களிடம் பேசலாம் என்று அங்கே கல்லூரி ஆட்டத்தில் அனுமதி கிடைத்தது 1948–49 பருவத்தில்தான். இன்றைக்கு அதே அமெரிக்காவில் முதல் பிரிவுக் கல்லூரிக் குழு ஒன்று ஐந்து துணைப் பயிற்றுநர்களை வைத்துக்கொள்ள 2023 முதல் விதி இடம் கொடுக்கிறது. நம் கல்லூரிகளுக்கு ஐந்து பேர் வேண்டாம். ஒருவரை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அந்த ஒய்.எம்.சி.ஏ. நமக்கும் அந்நியம் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டின் உடற்கல்வி ஆசிரியர் மரபு அங்கிருந்து வருகிறது. நம் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பாடாங் பெலியாவில் நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தைத் தாண்டித் தினமும் எத்தனை ஆயிரம் தமிழர்கள் வாழை இலைச் சாப்பாட்டுக்கும் பூக்கடைக்கும் போகிறார்கள்! கூடைப்பந்து இந்த இயக்கத்தின் குழந்தை என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, ஆளைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம்.

ஒரு டைம் அவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு நிமிடம். முற்பாதியில் இரண்டு, பிற்பாதியில் மூன்று, ஆக நாற்பது நிமிட ஆட்டத்தில் ஒரு குழுவுக்குப் பேசக் கிடைப்பது ஐந்து நிமிடம். விசில் ஊதியதும் ஐந்து பேரும் வியர்வை சொட்ட வந்து உட்காருவதற்கே பத்துப் பதினைந்து நொடி போய்விடும். தண்ணீர் ஒரு வாய், துண்டு ஒரு துடைப்பு. தலைமைப் பயிற்றுநர் சிறிய வெள்ளைப் பலகையைக் கையில் எடுப்பார். மார்க்கர் எழுதாது, அது எந்தக் குழுவிலும் எழுதுவதில்லை. இந்த இடைவெளியில்தான் துணைப் பயிற்றுநருடைய வேலை இருக்கிறது. எதிரணியின் ஏழாம் எண்ணுக்கு நான்கு பவுல் ஆகிவிட்டது, அவனை நோக்கியே பந்தைக் கொண்டு போகலாம். இந்தக் கால் பகுதியில் நம் குழுவுக்கும் நான்கு பவுல் ஆகிவிட்டது, இனி ஒன்று செய்தால் எதிரணிக்கு இரண்டு இலவச எறிதல். இடது பக்கம் ஆடும் நம் பையன் மூன்று முறையாகப் பின்னால் ஓடி வரவில்லை, கால் பிடித்திருக்கலாம். இந்த மூன்று செய்திகளைப் பத்து நொடிக்குள், தலைமைப் பயிற்றுநரின் காதில், அவருடைய பேச்சைக் குலைக்காமல் போட வேண்டும். பந்து மூட்டை தூக்குவதற்கென்று அழைத்து வரப்பட்டவனுக்கு இது வராது. வந்தாலும் சொல்லும் துணிச்சல் இருக்காது, ஏனென்றால் அவனுக்கு அந்த மனிதர் நேற்றுவரை 'கோச்'.

இங்கேதான் என் கருத்து பல தலைமைப் பயிற்றுநர்களோடு மோதுகிறது. துணைப் பயிற்றுநர் நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும், அதனால் தேர்வைத் தங்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நம்பிக்கை என்ற பெயரில் அவர்கள் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் ஆமாம் சாமிகளை. தாம் பார்க்கத் தவறியதைப் பார்த்துச் சொல்லும் இன்னொரு ஜோடிக் கண் அந்த ஆளிடம் இல்லை என்றால், அந்த இருக்கையில் ஒரு துண்டைப் போட்டு வைத்தாலும் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட கண் எங்கிருந்தும் வரலாம். என்.பி.ஏ.வில் ஆடும் மயாமி ஹீட் குழுவின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995இல் அங்கே நுழைந்தது வீடியோ அறையில். ஆட்ட நாடாக்களை வெட்டி ஒட்டித் தருவது அவர் வேலை. பிலிப்பினோ தாய்க்குப் பிறந்தவர், பெரிய ஆட்டக்காரர் என்று பேர் எடுத்தவர் அல்லர். படிப்படியாகத் துணைப் பயிற்றுநராகி, 2008இல் தலைமைப் பயிற்றுநரானார். 2012லும் 2013லும் பட்டம் வென்றார். இன்றைக்கு வீடியோ அறை தேவையில்லை. கைத்தொலைபேசியை ஒரு முக்காலியில் வைத்து மண்டபத்தின் மேல்மாடியிலிருந்து பதிவு செய்தால் போதும். இரவு உட்கார்ந்து அதில் பத்துத் துண்டுகளை வெட்டிக் குழுவுக்கு அனுப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர், முன்னாள் மாநில விளையாட்டாளர் என்ற பட்டத்தை மட்டும் வைத்திருப்பவரைவிட அந்த வேலைக்கு மேலானவர்.

அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் நாட்டுக் காற்பந்திலேயே பாடம் இருக்கிறது. 2010 டிசம்பரில் கே. ராஜகோபாலின் குழு, புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3–0 என்று அடித்து, ஜகார்த்தாவில் 1–2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 4–2 என்று ஆசியான் கிண்ணத்தை முதன்முறையாகக் கொண்டு வந்ததை மறந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பெஞ்சில் ராஜகோபாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணைப் பயிற்றுநரை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? டான் செங் ஹோ. அவர் பிறகு கெடாவுக்குப் போய்த் தலைமைப் பயிற்றுநராக 2016 மலேசியக் கிண்ணத்தை வென்றார். அடுத்த ஆண்டு தேசியக் குழுவில் மறுபடியும் துணைப் பயிற்றுநர் இருக்கையிலேயே வந்து உட்கார்ந்தார், இந்த முறை போர்த்துகீசியரான நெலோ விங்காடாவுக்குக் கீழே. கிண்ணம் வென்ற தலைமைப் பயிற்றுநர் ஒருவர் திரும்பி வந்து துணையாக உட்கார்வதற்கு மனம் வேண்டும். 2017 டிசம்பரில் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 2018இல் குழுவை ஆசியான் இறுதியாட்டத்துக்குக் கொண்டு சென்றார். வியட்நாமிடம் நூலிழையில் தோற்றோம்.

ஒரு தமிழர் தலைமை, ஒரு சீனர் துணை, அந்தத் துணை அடுத்த தலைமை. காற்பந்தில் இந்த ஏணி வேலை செய்தது. பி. சத்தியநாதன் 2010இல் கிளந்தானுக்கு மலேசியக் கிண்ணம் வென்று கொடுத்ததும், எம். கராத்து மறு ஆண்டே அதே மாநிலத்துக்கு சூப்பர் லீக் பட்டம் வென்று கொடுத்ததும், கே. தர்மராஜ் நம் இளையோர் ஹாக்கிக் குழுவை 2013 உலகக் கிண்ணத்தில் நான்காம் இடத்துக்குக் கொண்டு போனதும், கராத்தேயில் பி. அறிவழகன் ஒரு தலைமுறையையே உருவாக்கியதும் இதே நாட்டில்தான். பயிற்றுநர் என்ற தொழிலில் நம்மவர்களுக்குக் கைராசி உண்டு.

கூடைப்பந்தில் மட்டும் என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. துணைப் பயிற்றுநரைத் தேர்வு செய்வது எப்படி என்று எழுதச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் பேனா இங்கேயே வந்து நிற்கிறது.

நம்மவர்கள் ஆடவில்லை என்று சொல்ல முடியாது. குகனேஸ்வரன் பத்துமலையும் சத்தியசீலன் குப்புசாமியும் 2009இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் கோலாலம்பூர் டிராகன்ஸ் சட்டை போட்டு ஆடியவர்கள். அந்தக் குழு பின்னர் 2016இல் லீக் பட்டத்தையே வென்றது. ஜாலான் ஹங் ஜெபாட்டில் உள்ள கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கத்தில் தமிழ்ப் பெயர் ஒன்று ஒலிபெருக்கியில் கேட்பது அதிசயமாக இருந்த காலத்தில் அந்தப் பெயர்கள் ஒலித்தன. கல்லூரிக் குழுக்களில் இன்றும் ஒன்றிரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உயரமும் பாய்ச்சலும் உள்ளவர்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் ஆட்டமும் முடிந்துவிடுகிறது. களத்திலிருந்து பெஞ்சுக்குப் போகும் வழி அவர்களுக்குக் கண்ணிலேயே படுவதில்லை.

காரணம் வெளிப்படையானது. மலேசியாவில் கூடைப்பந்து சீனச் சமூகம் தன் பள்ளித் திடல்களிலும் புதுக்கிராமங்களிலும் பல பத்தாண்டுகளாக வியர்வை சிந்தி வளர்த்த ஆட்டம். கிள்ளானில் மட்டும் நான்கு சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கூடைப்பந்து, நம் தோட்டப்புறத்துப் பள்ளிகளில் காற்பந்து இருந்ததைப் போல. அவர்கள் வளர்த்தார்கள், அவர்கள் பயிற்றுநர்களாக இருக்கிறார்கள். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பல தமிழ்ப்பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து உண்டு, ஆண் பிள்ளைகளுக்குக் காற்பந்து உண்டு, கூடைப்பந்து வளையம் கிடையாது. பதின்மூன்று வயதில் முதன்முதலாக வளையத்தைப் பார்க்கிற பிள்ளை, ஏழு வயதிலிருந்து பந்தைத் தட்டுகிற பிள்ளையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

அதோடு பேச்சு மொழி. பெஞ்சில் ஓடுவது பெரும்பாலும் மாண்டரின். பயிற்சியில் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொல்பவர்கூட, கடைசி இரண்டு நிமிடத்தில் மூன்று புள்ளி பின்தங்கி நிற்கும்போது தன் தாய்மொழிக்குத் தாவிவிடுவார். அது மனித இயல்பு. அந்த நேரத்தில் குழுவில் இருக்கும் ஒரே தமிழ்ப் பையனோ மலாய்ப் பையனோ பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல துணைப் பயிற்றுநர் ஒருவர் அங்கே இருந்தால் இந்தப் பிரச்சினை ஐந்து நொடியில் தீரும். பன்னிரண்டு பேரில் கடைசி மூன்று பேரிடம் யார் பேசுகிறார்கள் என்பதுதான் ஒரு கல்லூரிக் குழுவின் தரம் என்பேன். அந்தக் கடைசி மூன்று பேரில் பல நேரம் நம் பிள்ளை ஒருவன் இருக்கிறான். அவனுக்குக் காலை எட்டு மணி வகுப்பு, மதியம் பகுதி நேர வேலை, மாலை கிள்ளானிலிருந்து தாமதமாக வரும் கொமுட்டர் ரயில். பத்து நிமிடம் தாமதமாக வந்தவனைத் தலைமைப் பயிற்றுநர் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ரயில் அட்டவணையைத் தெரிந்த ஒருவர் வாயைத் திறக்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன்: இரண்டாவது இருக்கைதான் நம்மவர்கள் நுழையக்கூடிய ஒரே கதவு. தலைமைப் பயிற்றுநர் பதவியை எடுத்த எடுப்பில் யாரும் தரப் போவதில்லை. துணைப் பதவியை அறிவித்து, நேர்காணல் வைத்து, திறமையைப் பார்த்துக் கொடுத்தால் நம்மவர்களும் வரிசையில் நிற்கலாம். மாமாக் கடையில் கைமாறினால் அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குள்ளேயே அது சுற்றும். எந்தப் பயிற்றுநரும் நம்மை ஒதுக்க வேண்டும் என்று திட்டம் போடுவதில்லை. தெரிந்தவரைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். தெரிந்தவர் பட்டியலில் நாம் இல்லை.

ஆனால் அறிவிப்பு வந்தாலும் நாம் தயாரா? இங்கே நம் பக்கமும் ஓட்டை இருக்கிறது. புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டுக் கழகத்தின் கீழ் இயங்கும் பயிற்றுநர் அகாடமி, மூன்று நிலைகளில் சான்றிதழ் திட்டம் நடத்துகிறது. முதல் நிலையில் விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி, குறிப்பிட்ட விளையாட்டுக்கான பயிற்றுவிப்பு இன்னொரு பகுதி, பிறகு செய்முறை. எந்தப் பள்ளியில் படித்தாய், வீட்டில் என்ன மொழி பேசுகிறாய் என்று அதில் கேட்பதில்லை. மலாய் தெரிந்தால் போதும், அது நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் கூடைப்பந்து ஆடிய எத்தனை தமிழ் இளைஞர்கள் இந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கிறார்கள்? காற்பந்து என்றால் உடனே உரிமம் எடுக்க ஓடுகிறோம். கூடைப்பந்து என்றால் அது நமக்கு எதற்கு என்கிறோம். தமிழ்நாட்டில் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் இருந்தால் பயிற்றுநர் வேலைக்கு அதற்கொரு மதிப்பு உண்டு என்று பெற்றோருக்குத் தெரியும். இங்கே பயிற்றுநர் சான்றிதழ் என்றால், அதை வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் கிடைக்குமா என்று அப்பா கேட்பார். கேட்பதில் தப்பில்லை. துணைப் பயிற்றுநருக்குப் பெட்ரோல் காசு மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஆகவே கல்லூரிகள் மாதாந்தரத் தொகை ஒன்றை எழுத்தில் கொடுக்கட்டும். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்க வேண்டும்.

பெண்கள் குழுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015லும் 2017லும் சீ விளையாட்டுப் போட்டியில் மலேசியப் பெண்கள்தான் கூடைப்பந்துத் தங்கம் வென்றவர்கள். ஆண்களைவிடப் பெரிய சாதனை அவர்களுடையது. அப்படியிருந்தும் கல்லூரிப் பெண்கள் குழுக்களின் பெஞ்சில் இரண்டு இருக்கையிலும் ஆண்களே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு பெண்ணாவது அங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நம்மினப் பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்பவர்களுக்குச் சென்னை அனிதா பால்துரையின் பெயரைச் சொல்லுங்கள். பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் குழுவின் தலைவியானவர், ஒன்பது ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

பிள்ளைகளின் பாதுகாப்பும் இந்தத் தேர்வில் அடக்கம். எஸ்.பி.எம். முடித்து அடிப்படைக் கல்விக்கு வரும் பிள்ளைகளில் பலருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்காது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் குழந்தைகள். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டின் சட்டம், பயிற்றுநரையும் நம்பிக்கைப் பொறுப்பில் உள்ளவர்களில் ஒருவராக வைத்துப் பார்க்கிறது. சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேட்டைச் சமூக நலத்துறை வழியாகச் சரிபார்க்கும் வசதி 2019 முதல் இருக்கிறது. தலைமைப் பயிற்றுநரைப் பற்றி விசாரிக்கும் கல்லூரி, இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்தில் விடுகிற துணைப் பயிற்றுநரைப் பற்றி விசாரிப்பதில்லை. மாமாக் கடை நியமனத்தில் எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான்.

தேர்வு முறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வந்தவர்களைப் பேச விட்டு ஏமாறாதீர்கள். மண்டபத்துக்குக் கூட்டிப் போய், குழுவின் கடைசி நான்கு பேரை அவரிடம் கொடுத்துக் கால் மணி நேரம் பயிற்சி தரச் சொல்லுங்கள். பேர் கேட்கிறாரா, கத்துகிறாரா, தவறு செய்தவனிடம் மறுபடி போகிறாரா என்று ஓரமாக நின்று பாருங்கள். பிறகு உங்கள் குழு தோற்ற ஓர் ஆட்டத்தின் ஒரு கால் பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். தலைமைப் பயிற்றுநர் எங்கே தவறு செய்தார் என்று அவர் முன்னாலேயே கேளுங்கள். நெளிந்து, எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்பவரை நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். இரண்டாம் டைம் அவுட்டைச் சீக்கிரம் கேட்டுவிட்டீர்கள் என்று மரியாதை குறையாமல் சொல்பவருக்கு நாற்காலி போடுங்கள். அவர் தமிழராக இருந்தாலும் சரி, சீனராக இருந்தாலும் சரி, மலாய்க்காரராக இருந்தாலும் சரி.

நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கல்லூரிக் குழுவில் கூடைப்பந்து ஆடிய பிள்ளை இருந்தால், படிப்பு முடிந்ததும் பந்தைப் பரணில் போட விடாதீர்கள். இந்த ஆண்டே முதல் நிலைச் சான்றிதழுக்குப் பதியச் சொல்லுங்கள். படித்த கல்லூரியின் மாணவர் நலப் பிரிவுக்குப் போய், துணைப் பயிற்றுநர் பதவிக்கு எப்போது விண்ணப்பம் எடுப்பீர்கள் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு பதவி இருப்பதே பல கல்லூரி நிருவாகங்களுக்கு அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வரும்.